குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும் அப்பா: வாய்ப் புற்றுநோயும் ஹார்மோன் குழப்பமும்

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு மகள் டாக்டரான எனக்கு ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோயின் விவரங்களில் கை வைக்கவில்லை.

அப்பாவுக்கு 57 வயது. நாட்டுப்படகுத் தொழில், தென்கடல் பக்கம்தான் போவார். முப்பது வருடமாக வெற்றிலை, போயிலை, கிளிஞ்சல் சுண்ணாம்பு. "கடல் காத்துக்கு பீடி நிக்காதும்மா, இதுதான் தூக்கத்தை விரட்டும்" என்பாராம். இரண்டு வருடத்துக்கு முன் இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று வந்து, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன். தாடை எலும்பில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு 30 தடவை கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அந்த மருந்தின் இரண்டாவது சுற்றில் மயங்கி விழுந்து, ரத்தத்தில் சோடியம் 121க்கு இறங்கி, ஒரு வாரம் படுக்கையில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது "ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது கழுத்தில் மறுபடி கட்டி, அது உடைந்து நீர் கசிகிறது. நோய் திரும்பிவிட்டது என்று மதுரையில் உறுதி செய்து, அடுத்த சிகிச்சை பேச மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் அப்பா ஆளே மாறிவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறார், மணிக்கொரு தடவை சிறுநீர், ஆறு நாளாக மலம் போகவில்லை, வாந்தி. பகலெல்லாம் தூக்கம். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, கடலில் இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட்டு "மடியை இழுடா" என்று வலையை இழுக்கச் சொல்கிறார், ஒரு நாள் சுவரைத் தடவி இன்ஜினைத் தேடினாராம். மகளுக்குப் பழைய அறிவுரை மனதில் நின்றதால் தண்ணீரை ஒரு லிட்டரோடு நிறுத்தி, மிச்சக் குடத்தை அடுப்படியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஊரில் ஒரு லேபில் ரத்தம் பார்த்ததில் கால்சியம் 12.1, அல்புமின் 2.5, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 1.9, சோடியம் 139, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் 23. உடம்பு வலிக்கு யாரோ சொல்லி கால்சியமும் வைட்டமின் டி3யும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்விகள்: முப்பது வருடம் தின்ற சுண்ணாம்புதான் இப்போது ரத்தத்தில் ஏறியிருக்கிறதா, இல்லை ஊர்த் தண்ணீரா, தின்ற நண்டும் கருவாடுமா? தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா? புற்று மூளைக்கு ஏறிவிட்டதா? பெரியப்பா "இது வேற சமாச்சாரம், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவோம்" என்கிறாரே, போகலாமா? படகுப் பத்திரத்தில் இப்போதே கைநாட்டு வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? கடைசியில் ஒரு வரி: "இனிமேல் எதுவும் பலன் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்."

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்றாம் பக்கம் வரை படித்துவிட்டு நான் முதலில் செய்தது பேனாவை எடுத்தது இல்லை, கீழே இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டதுதான். அந்த ராத்திரியே 108ஐக் கூப்பிட்டு அப்பாவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள், குளுக்கோஸ் பாட்டில் என்று நீங்கள் சொன்ன அந்த உப்பு நீர் ஏறியது, மறுநாள் ஊசியும் போட்டார்கள். ஃபோனில் "கேள்வி கேட்காதீங்க, முதல்ல கிளம்புங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே பேசினேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது சொல்ல முடியாத காரணங்களை இப்போது எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் சில வீடுகள் இருக்கும் என்பதால் உங்கள் அனுமதியோடு பொதுவில்.

புண் வாயில், குழப்பம் ரத்தத்தில்

வாய்ப் புற்றுநோய் என்றால் வாய், தாடை, கழுத்து என்று நாம் ஒரு எல்லை போட்டுவைத்திருக்கிறோம். ஆனால் வாயில் வரும் பெரும்பாலான புற்றுகள் செதிள் செல் வகையைச் சேர்ந்தவை, அந்தச் செல்களில் சிலதுக்கு ஒரு கெட்ட சாமர்த்தியம் உண்டு: ஹார்மோன் மாதிரியான ஒரு புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும். நம் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நெல்மணி, பயறு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தை அளவாக வைத்திருப்பது அவற்றின் வேலை. புற்று விடும் புரதம் அந்தச் சுரப்பியின் ஹார்மோனைப் போலவே நடிக்கும். எலும்புக்கு "கால்சியத்தை விடு" என்று கட்டளை, சிறுநீரகத்துக்கு "வெளியே விடாதே" என்று கட்டளை. அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941லேயே இப்படி ஒன்று இருக்கும் என்று சந்தேகப்பட்டார், 1987ல்தான் அதைத் தனியாகப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். இதே புரதம் பிள்ளை பெற்ற தாயின் உடம்பில் நியாயமாகச் சுரக்கும், தாய்ப்பாலுக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து திரட்டித் தருவதே அதுதான். உங்கள் அப்பாவின் கழுத்துக் கட்டி அந்த வேலையை யாரும் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கிறது.

கால்சியம் ஏறினால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கும். அதனால்தான் அந்தச் சிறுநீரும் அந்தத் தாகமும். குடல் மந்தமாகி மலம் கட்டும், வாந்தி வரும், மூளை மங்கும். அண்ணனைக் கூப்பிட்டதும் சுவரில் இன்ஜினைத் தேடியதும் இதுதான். மூளைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டீர்களே, வாய்ப் புற்று மூளைக்குப் பரவுவது அபூர்வம். எலும்புக்குப் பரவினால்தான் கால்சியம் ஏறும் என்பதும் இல்லை, எலும்பில் ஒரு பொட்டுப் புற்றுகூட இல்லாமல் ரத்தத்தின் வழியே வரும் கட்டளையாலேயே இது நடக்கும்.

உங்கள் லேப் சீட்டில் 12.1க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி மட்டும் இருந்ததாம், "கொஞ்சம் கூட இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்களாம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், முக்கியமாக அல்புமினில். வாயால் சரியாகச் சாப்பிட முடியாத ஆளுக்கு அல்புமின் இறங்கிப்போயிருக்கும், அப்போது சீட்டில் உள்ள எண் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். கணக்கு சுலபம்: 4லிருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். அப்பாவுக்கு 4 கழித்தல் 2.5, அதாவது 1.5. அதை 0.8ஆல் பெருக்கினால் 1.2. ஆக 12.1 இல்லை, 13.3. பொதுவாக 10.5 வரைதான் சரியான அளவு. 14ஐத் தாண்டினால் கடுமை என்பார்கள், ஆனால் ஆள் குழம்பிப்போய் கிரியாட்டினினும் ஏறியிருக்கும்போது 13.3ஐயும் அவசரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் என்ன, மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஒளித்து வைத்த குடம்

இது உங்களுக்கு உறுத்தும் என்று தெரியும், "நான்தான் தண்ணி தராம அப்பாவைக் கெடுத்தேனா" என்று ஃபோனில் அழுதீர்கள். நீங்கள் கேட்டது டாக்டர் சொன்ன சொல்லை. அந்தச் சொல்லும் அன்றைக்குச் சரியான சொல்தான். ஆனால் அது அன்றைக்கு மட்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அது எங்கள் தரப்புத் தவறு, டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நடந்தது வேறு ஒரு ஹார்மோன் குழப்பம். தண்ணீரை உடம்பில் தேக்கி வைக்கும் ஒரு ஹார்மோன் உண்டு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வரும். சில புற்றுகள் அதையும் தாங்களாகவே சுரக்கும், நுரையீரல் புற்றில் இது பிரபலம், வாய்ப் புற்றிலும் சிலருக்கு உண்டு. சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்துகளும், கடும் வாந்தியும் வலியும்கூட அதைத் தூண்டிவிடும். அப்போது உடம்பில் தண்ணீர் தேங்கி, சோடியம் நீர்த்துப்போய் இறங்கும். ஆளுக்குத் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், குழப்பம், ரொம்ப இறங்கினால் வலிப்பு. அதற்கு வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே வாந்தி, அதே தூக்கம், அதே உளறல். வெளியிலிருந்து பார்த்தால் உங்களுக்கும் தெரியாது, கண்ணால் மட்டும் பார்த்தால் எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்றுக்கு மருந்து தண்ணீரைக் குறைப்பது, இன்னொன்றுக்கு மருந்து தண்ணீரை ஏற்றுவது, மாற்றிச் செய்தால் இரண்டிலும் ஆபத்து. அதனால் இந்த நோய் இருக்கும் வீட்டில் ஆள் திடீரென்று குழம்பினால், தண்ணீரைப் பற்றி முடிவு எடுப்பதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், அல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை. இந்த ஆறையும் ஒரே தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். சிஸ்பிளாட்டினால் சோடியம் இறங்குவதிலேயே இன்னொரு வகை உண்டு, சிறுநீரகம் உப்பை ஒழுகவிடுவது, அதற்குத் தண்ணீரைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். ஆகவே "போன தடவை இப்படித்தான் செஞ்சோம்" என்பது இங்கே உதவாது.

சோடியம் இறங்கிய ஆளுக்கு அக்கம்பக்கத்தில் "உப்புக் கரைச்சுக் குடு" என்பார்கள். செய்யாதீர்கள். இறங்கிய சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், 24 மணி நேரத்தில் 8 முதல் 10க்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். அடுப்படியில் கரண்டிக் கணக்கில் செய்கிற வேலை இல்லை அது.

சுண்ணாம்பா, ஊர்த் தண்ணீரா, நண்டா?

மூன்றும் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் சப்பைத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அத்தனை பேருக்கும் கால்சியம் ஏறவில்லை. நண்டு, நெத்திலிக் கருவாடு எதையும் நிறுத்தியிருக்க வேண்டாம், அப்பாவுக்கு விழுங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் உங்கள் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். வெற்றிலையோடு அளவுக்கு மிஞ்சி கிளிஞ்சல் சுண்ணாம்பு தின்றவர்களுக்குக் கால்சியம் ஏறியதாக மருத்துவ ஏடுகளில் சில நோயாளிகளின் கதை பதிவாகியிருக்கிறது. ஆனால் அது தின்றுகொண்டிருக்கும்போது வருவது, நிறுத்தினால் இறங்கிவிடுவது. அப்பா வெற்றிலையை விட்டு இரண்டு வருடமாகிறது. முப்பது வருடச் சுண்ணாம்பு எங்கேயோ தங்கியிருந்து இன்றைக்குக் கிளம்பி வராது. சுண்ணாம்பு செய்த கெடுதல் வேறு: போயிலையும் பாக்கும் கன்னத்துச் சதையில் ஊற வழி செய்துகொடுத்தது.

கண்ணுக்கு முன்னால் இருந்த கால்சியத்தை நீங்கள் கவனிக்கவில்லை, அது அந்த மாத்திரை. எலும்பு ஏற்கெனவே கால்சியத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது மேலே இரண்டு வேளை மாத்திரை. அதையும் டி3யையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிரஷர் மாத்திரையின் அட்டையை எனக்குப் படம் எடுத்து அனுப்பியதும் நல்லதாகப் போயிற்று, அதில் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருந்தது. அது சிறுநீர் வழியே கால்சியம் போவதைத் தடுக்கும். ராமநாதபுரத்தில் அதை மாற்றிவிட்டார்கள் என்றீர்கள், சரி.

ஏர்வாடி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். உங்கள் பெரியப்பாவிடம் நானே பேசினேன், நல்ல மனிதர், தம்பி கெட்டுப்போகக் கூடாது என்ற பதைப்பைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. அந்தக் கடலோரத்தில் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் ஆள் நிலைதடுமாறினால் கால் தானாக ஏர்வாடி தர்காவுக்குத்தான் போகும், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். நான் அதைக் கேலி செய்யமாட்டேன். அங்கேயே இப்போது தவா, துவா என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் ரத்தம் பார்க்காமல் போகக் கூடாது. நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், ஊர் பெயர் வேண்டாம், நாக்கில் புற்று இருந்த ஒரு கொத்தனாரை உளறுகிறார் என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்பியவர்களில் நானும் ஒருவன், அந்தச் சீட்டில் என் கையெழுத்துதான் இருந்தது. தூக்க ஊசி போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒரு மூத்த நர்ஸ் "இவ்வளவு சிறுநீர் போறாரே, சார்" என்று கேட்ட பிறகுதான் கால்சியம் பார்த்தோம். அதற்குள் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஆக, தெரியாமல் தப்பாகப் புரிந்துகொள்வது பெரியப்பா மட்டும் செய்கிற காரியம் இல்லை, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் செய்திருக்கிறோம்.

இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். உங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ராத்திரி எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவாரோ என்று பயந்து அப்பாவின் காலைக் கட்டிலோடு துண்டால் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். இனி வேண்டாம். கட்டினால் குழப்பம் கூடும், விழுந்தால் அடியும் கூடும், கால்சியம் கொட்டிப்போன எலும்பு வேறு. சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், பக்கத்தில் அவருக்குப் பழக்கமான ஒரு ஆள் படுக்கட்டும். அப்பா தேறி, அவரே போக வேண்டும் என்று சொன்னால் தர்காவுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், மாத்திரைப் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

தைராய்டு

டிஎஸ்ஹெச் 23 (இந்த எண் ஏறினால் தைராய்டு சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம்) என்றதும் உறவினர் ஒருவர் "எல்லாம் தைராய்டுதான்" என்றாராம், நீங்களோ அது பெண்களுக்கு வருவதாயிற்றே என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. கழுத்தில் கரண்டு வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை போகப்போகத் தைராய்டு சோர்ந்துபோகும், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அதனால் கழுத்துக்குக் கதிர்வீச்சு முடிந்தவர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு தடவை டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. அப்பாவுக்கு யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், புண் ஆறத் தாமதம் எல்லாம் இதனாலும் வரும். ஆனால் இப்படிச் சில நாளில் ஆளைக் கவிழ்க்கிற வேகம் தைராய்டுக்குக் கிடையாது.

லெவோதைராக்சின் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கஞ்சியோ பாலோ. மூக்கு வழியாகக் குழாய் போட்டால் பொடித்துக் கரைத்துக் கொடுக்கலாம், அப்போதும் உணவுக்கு முன்னால்தான். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் இடைவெளி. பலன் தெரிய ஆறு வாரம் போல ஆகும், அதுவரை டிஎஸ்ஹெச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் காசை விடாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்

நீங்கள் மறைக்க வேண்டாம் என்று கேட்டதால் சொல்கிறேன். திரும்பி வந்த வாய்ப் புற்றில் கால்சியம் இப்படி ஏறுவது நோய் முற்றியதன் அடையாளம். இதற்குப் பிறகு பெரும்பாலும் மாதக் கணக்குதான், சிலருக்கு வாரக் கணக்கு. விதிவிலக்குகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி வீட்டை அடகு வைக்கச் சொல்லமாட்டேன்.

அப்படியானால் இந்த ஊசி எதற்கு என்று பெரியப்பா கேட்டார், நியாயமான கேள்வி. சோலெட்ரானிக் அமிலம் என்ற அந்த மருந்து புற்றைத் தொடாது, எலும்பு கரைவதை நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் இறங்கத் தொடங்கி ஒரு வாரத்துக்குள் நல்ல நிலைக்கு வரும், இரண்டு முதல் நான்கு வாரம் தாங்கும், பிறகு மறுபடி ஏறும். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்ததே, அது மருந்தின் வழக்கம், பயம் இல்லை. சிறுநீரகம் ரொம்பக் கெட்டிருந்தால் டெனோசுமாப் என்று இன்னொன்று உண்டு. இரண்டு மருந்துக்கும் ஒரு எச்சரிக்கை: தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம், அதிலும் கரண்டு வைத்த தாடைக்கு இன்னும் அதிகம். இனி யாரும் அப்பாவுக்குப் பல் பிடுங்க வந்தால் இந்த இரண்டையும் சொல்லாமல் விடாதீர்கள்.

ஊசி தருவது தெளிவான சில வாரங்கள். தாகம் அடங்கி, வாந்தி நின்று, மகளை மகள் என்று தெரிகிற வாரங்கள். அதற்குள் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, புற்றுக்கான சிகிச்சை. கால்சியத்தை நிலையாக அடக்கக்கூடியது அது மட்டும்தான், ஏனென்றால் சுரப்பதே அந்தக் கட்டி. வாராவாரம் குறைந்த அளவில் வாயால் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் போன்ற மாத்திரைகள் நம் நாட்டில் நிறைய பேருக்குக் கொடுக்கப்படுகின்றன, செலவு குறைவு. ஆனால் கிரியாட்டினின் இறங்காமல் இரண்டையும் தொடக்கூடாது, அதை மதுரையில் நீங்களே நினைவுபடுத்துங்கள். நிவோலுமாப் மாதிரி எதிர்ப்புச் சக்தி மருந்துகளின் வழக்கமான அளவு நம்மால் வாங்க முடியாத விலை; மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 20 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவை இந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் கூடியது. அதைப் பற்றி மதுரையில் கேளுங்கள். ஆனால் அந்த மருந்தே தைராய்டையும் பிட்யூட்டரியையும் அட்ரீனலையும் தாக்கக்கூடியது, அப்பாவுக்கு ஏற்கெனவே தைராய்டு சோர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். எழுந்து நடமாடி, தானே குளிக்கிற நிலைக்கு அவர் வந்தால் இந்த வழி யோசிக்கத்தக்கது. படுக்கையிலேயே இருந்தால் நான் என் சொந்தத் தகப்பனுக்கு இதைக் கேட்க மாட்டேன்.

இரண்டாவது, புற்றுக்கு எதுவும் செய்யாமல் கால்சியத்தை மட்டும் பார்த்துக்கொள்வது. வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, ஏறினால் உப்பு நீரும் ஊசியும். இது சில தடவை கேட்கும், பிறகு கேட்காமல் போகும்.

மூன்றாவது, ஒரு கட்டத்தில் கால்சியத்தையும் துரத்தாமல் விட்டுவிடுவது. வலிக்கு மார்ஃபின், வாந்திக்கு மருந்து, புண்ணுக்குச் சுத்தம், வீட்டில் அவர் படுக்கிற இடத்தில். கால்சியம் ஏறி வருகிற அந்தத் தூக்கம் கடைசிக் கட்டத்தில் அவ்வளவு கொடுமையானது இல்லை. ஊசி போடாமல் விட்டதால் கொன்றுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

எந்த வழி என்பதை நீங்களோ நானோ பெரியப்பாவோ முடிவு செய்வதற்கு முன், தெளிந்திருக்கிற அந்த மனிதரைக் கேட்க வேண்டும். "அப்பாகிட்ட சொன்னா மனசு ஒடைஞ்சிருவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று முப்பது வருடம் முடிவெடுத்தவர் அவர்.

செலவுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, மதுரையில் சேர்க்கும்போதே காப்பீட்டுக் கவுன்டரில் அட்டையைக் காட்டுங்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதானால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். கடிதத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார் என்று ஓரத்தில் இருந்தது. அதைத் தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது, அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், பிரஷர் விழுந்துவிடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்த மாத்திரை சர்க்கரையையும் ஏற்றும், அதையும் பாருங்கள்.

கைநாட்டு

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 12 என்ன சொல்கிறது என்பது எங்கள் வார்டில் அடிக்கடி எழுகிற விஷயம்: என்ன செய்கிறோம் என்று புரிந்துகொண்டு யோசிக்க முடிகிற நிலையில் போட்ட ஒப்பந்தம்தான் செல்லும். இன்ஜினைச் சுவரில் தேடுகிற மனிதரின் கட்டை விரலை மையில் அழுத்தி வாங்கிய கைநாட்டு நாளைக்கு உங்கள் அண்ணனுக்கும் பெரியப்பா மகனுக்கும் இடையில் வழக்காகத்தான் போய் நிற்கும். அவர் தெளிவாக இருக்கும் நாளில், வெளியாட்கள் இருவர் சாட்சி இருக்க, முடிந்தால் அன்றைக்குப் பார்த்த டாக்டரிடம் "தெளிவாகப் பேசுகிறார்" என்று ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டு எழுதுங்கள். தள்ளிப்போட வேண்டாம், அந்த வாரங்கள் சீக்கிரம் போய்விடும்.

நேற்று நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி வந்தது. ஊசி போட்டு நான்காம் நாள், அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நண்டு ரசம் கேட்டார், "கால்சியம் 10.2, நார்மல்னு போட்டிருக்கு சார்" என்று மூன்று கும்பிடு போட்டிருந்தீர்கள். ரசம் கொடுங்கள், வடிகட்டி, ஆறவைத்து. ஆனால் அதே சீட்டில் அல்புமின் 2.4 இருக்கிறது, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11.5. இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கி முடியவில்லை. தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கட்டும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கும்போது சீட்டில் கால்சியம் என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அல்புமினும் சோடியமும் கிரியாட்டினினும் சேர்த்து எழுதி வாங்கி, அந்த நான்கு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.